சித்தப்பா கண்டதும், கண்டதற்கு அவர் சொல்லும் காரணமும்

கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தந்தை இல்லாத வீட்டில் முக்கிய முடிவுகளைச் சித்தப்பாதான் எடுக்கிறார். அவர் தம் மகளைக் கல்லூரியில் சேர்த்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெண் வேறு சாதியைச் சேர்ந்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். இப்போது பிளஸ் டூ படிக்கும் உங்கள் தங்கையின் படிப்பை அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்கிறார் சித்தப்பா. நீங்கள் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்தால், "நீ படிச்சதைச் சொல்ற, நான் பட்டதைச் சொல்றேன்" என்று பேச்சை முடித்துவிடுகிறார். அனுபவம் பெரிதா, புள்ளிவிவரம் பெரிதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் உண்மையில் தேடுவது வேறொன்று என்று எனக்குத் தோன்றியது: ஒருவர் பட்ட துன்பத்தைப் பொய் என்று சொல்லாமல், அதிலிருந்து அவர் எடுத்த முடிவை மட்டும் மறுக்க வழி இருக்கிறதா என்பதே அது. இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் வாதத்தில் வென்று காட்டுகிற வழியாக அது இருக்காது.

நான் சமூகப் பணியில் முதுகலை முடித்து, 24 ஆண்டுகளாகத் தர்மபுரி மாவட்டத்தில் கள ஆய்வு வேலை செய்பவள். வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், குடிநீர், குழந்தைத் திருமணம், குடிப்பழக்கம், பெண்கள் படிப்பு, வெளியூர் வேலை என்று அந்தந்த ஆய்வுக்கு ஏற்பக் கேட்டு எழுதுவது என் தொழில். என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் மக்கள் ஒரு வரியில் பதில் சொல்வார்கள். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதைக்கு வினாப்பட்டியலில் கட்டம் இருக்காது என்பதால் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வேன். உளவியல் நான் முறையாகப் பயின்ற துறை இல்லை; எனவே மனம் இயங்கும் விதத்தைப் பற்றி நான் சொல்பவற்றைப் படித்தறிந்த ஒருத்தியின் பேச்சாகவும், ஊர்களைப் பற்றிச் சொல்பவற்றை நேரில் பார்த்தவளின் பேச்சாகவும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓரக் குறிப்புகளில் ஒன்றைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சித்தப்பாவின் வழக்கு அப்படியே அதற்குள் இருக்கிறது. பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவிடம் குடிநீர் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குப் பற்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளின் முன்பற்களிலோ பழுப்புக் கோடுகள். மூத்தவனுக்குப் பல் விளிம்பு அரித்தாற்போல் குழி விழுந்திருந்தது. வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கணவருக்கும் அதே பழுப்பு. தண்ணீரில் ஏதேனும் குறை உண்டா என்று நான் கேட்டதும் அந்த அம்மா, "தண்ணியில ஒண்ணும் இல்லைங்க. பதினஞ்சு வருசமா இதே போர்த் தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன், என் பல்லப் பாருங்க. இது அவங்க வம்சத்துப் பல்லு" என்றார். மாமியார் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்.

அவர் கண்டதில் ஒரு பிழையும் இல்லை. ஒரே தண்ணீர், ஒரே வீடு, அவருக்கு மட்டும் வெள்ளைப் பல். ஆனால் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் தாது உப்பு அளவு மீறி இருக்கும்போது, அது பல்லைக் கறைப்படுத்துவது பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறுவயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள் மட்டுமே. உருவாகி முடிந்த பல்லில் அந்தக் கறை ஏறாது. அந்த அம்மா வேறு ஊரில் வளர்ந்து இருபது வயதில் மருமகளாக வந்தவர்; கணவரும் பிள்ளைகளும் அந்த ஊரிலேயே பிறந்து, பால் பல் விழுவதற்கு முன்பிருந்தே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். தண்ணீர் செய்த வேலை, வம்சம் செய்த வேலைபோல அவர் கண்ணுக்குத் தெரிந்தது இதனால்தான். மாமியார் வேறொரு வகையில் தவறினார். "எங்க ஊர்ல எல்லாருக்கும் பல்லு இப்படித்தான், இதப் போயி எழுதிக்கிட்டு" என்றார் அவர். எல்லோருக்கும் இருப்பது யார் கண்ணுக்கும் குறையாகத் தெரிவதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது ஃபுளோரைடுக்கான உச்ச வரம்பு என்பதையும், அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும்கூடப் பாதிக்கப்படலாம் என்பதையும் ஒரு குடும்பம் தன் அனுபவத்திலிருந்து மட்டும் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. சோதனைக்கூடத்துக்குத் தண்ணீர் போனால்தான் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. அதன் குழாய் வாசலுக்கு வந்த பிறகும், ருசி இதில்தான் என்று போர்த் தண்ணீரையே குடிக்க எடுத்துவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சித்தப்பாவும் இப்படித்தான் ஒன்றை உண்மையாகவே கண்டிருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போனது உண்மை, போய்விட்டது உண்மை. ஒன்றால்தான் மற்றொன்று நேர்ந்தது என்பதை அவர் காணவில்லை. அதைக் காணவும் முடியாது. நீங்கள் புள்ளிவிவரத்தைக் கொண்டுபோய் வைக்கும்போது, அவர் கண்டதையே நீங்கள் மறுப்பதாக அவருக்குக் கேட்கிறது. அங்கேதான் பேச்சு முறிகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவர் சொல்லக்கூடும். நல்ல பழமொழிதான், ஆனால் பானை முழுவதும் ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான் அது பொருந்தும். எங்கள் பக்கம் களி கிண்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மேலே மாவு வெந்து வழுவழுவென்று இருக்கும், துடுப்பை அடிவரை விட்டுக் கிண்டவில்லை என்றால் உள்ளே பச்சை மாவு கட்டி தட்டி நிற்கும். ஊரும் அப்படித்தான், சரியாகக் கிண்டாத பானை. நம் கைக்கு எட்டுவது மேலாக இருப்பதுதான். இதை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை, நானே இதில் தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று உறுதியாக நம்பினேன். பண்டிகைக்கு வந்து புது வண்டியோடும் புதுத் துணியோடும் நின்றவர்களை நானே பார்த்துப் பேசியிருந்தேன். ஒருமுறை மாரியம்மன் பண்டிகையின்போது வரி வசூல் நோட்டைப் பார்க்க நேர்ந்தது. அதில் பல வீடுகளுக்கு எதிரே எதுவும் எழுதாமல் விடப்பட்டிருந்தது. கேட்டபோது, வரி கொடுக்க முடியாதவர்கள் வெட்கப்பட்டு அந்த ஆண்டு ஊருக்கே வரவில்லை என்றார்கள். வேலை கிடைக்காமல் அல்லல்பட்டவர்களை நான் பார்க்காததற்குக் காரணம், அவர்கள் என் கண்ணில் படும் இடத்துக்கு வராததுதான். கண்டவர்களைப் பற்றி நான் எழுதியது சரி, காணாதவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். பாலக்கோடு பக்கம் ஒரு பாட்டி திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போவது பற்றிக் கேட்டதும், "காலேஜுக்குப் போனா ஓடிப்போயிடுதுங்க" என்று சொல்லி, இரண்டு பெண்களின் பெயரை மூச்சுவிடாமல் சொன்னார். அன்று எனக்கு அடுத்த வீட்டுக்கு அவசரமில்லை. பத்தாண்டுகளில் அந்தத் தெருவில் பெரியவர்களான பெண்கள் ஒவ்வொருவரையும் நினைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒரு பெண்ணுக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்து நான்கு குவியலாகப் பிரித்தோம்: கல்லூரிக்குப் போய்த் தாமாகவே திருமணம் செய்துகொண்டவர்கள், கல்லூரிக்குப் போயும் வீட்டார் பார்த்தவரை மணந்தவர்கள், கல்லூரிக்குப் போகாமலே தாமாகத் திருமணம் செய்துகொண்டவர்கள், போகாமல் வீட்டார் பார்த்தவரை மணந்தவர்கள். முதல் குவியலில் அதே இரண்டு கொட்டை. கல்லூரிக்குப் போன மற்றவர்கள் 12 பேர். ஒருத்தி செவிலியர், ஒருத்தி ஓசூரில் கம்பெனி வேலை. இவர்களைப் பாட்டி ஒவ்வொருவராக யோசித்து யோசித்துத்தான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவர்களைப் பற்றிச் சொல்வதற்குக் கதை ஒன்றும் இல்லை. மூன்றாம் குவியலில்தான் சச்சரவு. மூன்று பெண்களை அதில் வைக்கவே பாட்டி சம்மதிக்கவில்லை: "அது எங்க மச்சினன் பையனத்தானே கட்டிக்கிச்சு, அத எப்படி ஓடிப்போனதுன்னு சொல்றது?" சொந்தத்துக்குள் நடந்து, ஆறு மாதத்தில் சமாதானமும் ஆகிவிட்டதால் அவர் நினைவில் அது வேறொரு பெயரில் பதிந்திருந்தது. பேசி முடித்தபோது அந்தக் குவியலில் ஐந்து கொட்டைகள், நான்காவதில் 22. தாமாகத் திருமணம் செய்துகொண்டவர்கள், கல்லூரிக்குப் போன 14 பேரில் இரண்டு, போகாத 27 பேரில் ஐந்து. பாட்டி கொட்டைகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப காலேஜ் மேல தப்பில்லையா கண்ணு" என்றார். நான் மனத்துக்குள் மகிழ்ந்து முடிப்பதற்குள், "எல்லாம் இந்த செல்போன் பண்ற வேல" என்று கொட்டைகளை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டார்.

ஒரு தெருவின் புளியங்கொட்டைக் கணக்கு எதையும் நிரூபிக்காது. 41 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, ஒன்றிரண்டு கொட்டைகள் இடம் மாறினாலே விகிதம் தலைகீழாகும். நான் இதைச் சொல்வது, நாம் எல்லோரும் முதல் குவியலை மட்டும் பார்த்தே பேசுகிறோம் என்பதைக் காட்டத்தான். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எளிதாக நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும் என்பதை 1973-லேயே உளவியல் அறிஞர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் சோதனைகள் மூலம் காட்டினார்கள். அந்தக் கண்டறிதல் அதன் பிறகும் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. படித்தவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. செய்தித்தாளில் நான்கு சம்பவங்களைப் படித்துவிட்டுக் கிராமமே இப்படித்தான் என்று பேசுகிற பெங்களூர்வாசி, பாட்டியைவிட எந்த வகையிலும் மேலானவர் இல்லை.

இதற்காக அனுபவத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். எண்கள் சொல்லாததை அனுபவம் சொல்லும் இடங்களும் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஓர் ஊரில், பயன்படுத்துகிறீர்களா என்ற கட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஆம் என்று எழுதினேன். பிறகு ஒருவர் சொன்னார்: காலையில் ஏழு மணிக்கு ஒரு பஸ், அடுத்தது பத்தரைக்கு, ஒன்பது மணி வேலைக்கு ஏழு மணிக்கே போய் இரண்டு மணி நேரம் கடை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால் அவசர நாளில் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கத்தான் செய்கிறேன் என்று. என் தாளில் இருந்த ஆம் பொய்யில்லை, ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அதற்குள் எங்கும் இல்லை. ஒரு விஷயம் எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதற்கு எண்ணிக்கை வேண்டும். நேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பட்டவர் வேண்டும். உங்கள் சித்தப்பா இரண்டாவது கேள்விக்கு உரிய சாட்சி. முதல் கேள்விக்கும் தாமே சாட்சி என்று அவர் நினைப்பதுதான் சிக்கல்.

அனுபவம் ஒருவருடைய கருத்தை உருவாக்குவதுபோல, புதிய அனுபவம் அதை மாற்றவும் செய்யுமா என்பது அடுத்த கேள்வி. இங்கே தரை சற்று வழுக்கும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எபோனியா வாஷிங்டன் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குள், மகள்கள் கூடுதலாக உள்ளவர்கள் பெண்களின் உரிமை சார்ந்த விஷயங்களில், குறிப்பாக மகப்பேறு உரிமைகளில், பெண்களுக்கு ஆதரவாக அதிகம் வாக்களித்ததைக் கண்டார். பிறப்பது ஆணா பெண்ணா என்பது சீட்டுக் குலுக்கல் போன்றது என்பதால் அந்த ஒப்பீடு அங்கே செல்லும். நம் மாவட்டத்தில் அந்தச் சீட்டு நேர்மையாக விழவில்லை: இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள், 2011-ல் அது 913 ஆனது. எனவே மகளைப் பெற்றதாலேயே மனம் மாறும் என்று இங்கே எளிதாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் சித்தப்பாவே மகளைப் பெற்றவர்தான். எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது, உத்தரப் பிரதேசத்தில் 1,200-க்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தி, மேட் லோ என்பவர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு. பல சாதியினர் கலந்த அணியில் ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் பெருகினார்கள். வேற்றுச் சாதியினரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, சில வகையில் நட்பு குறையவும் செய்தது. பார்த்துப் பழகினால் போதாது, ஒரே பக்கம் நின்று ஆட வேண்டியிருக்கிறது. இது இளைஞர்களையும் கிரிக்கெட்டையும் பற்றிய முடிவு. ஐம்பது வயதைக் கடந்த ஒரு தந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

சித்தப்பாவின் அச்சத்தில் இன்னொரு பகுதியை நீங்கள் உங்கள் கேள்வியில் தொடவே இல்லை. மகள் போன பிறகு பங்காளிகள் அவரை எப்படி நடத்தினார்கள்? விசேஷ வீட்டில் யார் அவரோடு பேசாமல் விலகினார்கள்? "பட்டதைச் சொல்றேன்" என்று அவர் சொல்வது மகளைப் பற்றியா, அந்த அவமானத்தைப் பற்றியா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இந்த மண்ணில் அந்த அச்சம் கற்பனை இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரி அருகே நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில், ஒரு கலப்புத் திருமணத்தைத் தொடர்ந்து மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டன. அதன் பிறகு சில ஆண்டுகள், நான் போன வீடு எந்தச் சாதியுடையதாக இருந்தாலும், மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டால் தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வீடு எரிந்தவர்களின் அச்சமும், ஊர் பேசுமே என்று தயங்கியவர்களின் அச்சமும் ஒரே எடை கொண்டவை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் வெறும் விகிதக் கணக்கால் கரைக்க முடியாது. என் சாய்வையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: என் தந்தை புளியமரக் குத்தகைப் பணத்தில் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அந்தப் பணத்தில்தான் இன்று இந்த வேலையில் இருக்கிறேன். பெண் படிக்க வேண்டும் என்ற என் கருத்தும் ஒரே ஒரு சோற்றைப் பதம் பார்த்து வந்ததுதான். அது சரியென்று பிற்பாடு எண்களைப் பார்த்துத் தெளிந்தேனே தவிர, எண்களைப் பார்த்து அதற்கு வந்து சேரவில்லை.

எனவே சித்தப்பாவிடம் எண்களோடு தொடங்காதீர்கள். அந்த ஆண்டு என்ன நடந்தது என்று அவரையே முழுவதும் சொல்லவிட்டுக் கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அதன் பிறகு, உங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்த பெண்களின் பெயர்களை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். கல்லூரி இல்லாவிட்டால் தங்கை அடுத்த மூன்று ஆண்டுகள் எங்கே, என்ன செய்துகொண்டிருப்பார் என்பதையும் கேளுங்கள். எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் திருமணம்தான். தங்கைக்கு 18 வயது நிறையும் முன் அந்தப் பேச்சு வந்தால், அதன் பிறகு இது கருத்து வேறுபாடு இல்லை. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் நடத்துவது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், தடுக்கச் சிறார் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். செலவு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டால், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கிருஷ்ணகிரியிலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனித்தேன்: நீங்கள் எழுதியிருக்கும் நீண்ட கேள்வியில் நீங்கள் பேசுகிறீர்கள், சித்தப்பா பேசுகிறார், தங்கை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருக்கு என்ன படிக்க ஆசை என்பதை அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் வழக்கமாக பிளஸ் டூ முடிவுகளை ஒட்டியே தொடங்கிவிடும், அதிக நாள் திறந்திருக்காது. அதில் மாணவியின் கைபேசி எண்ணாகத் தங்கையின் எண்ணைக் கொடுங்கள். பெற்றோர் அல்லது பாதுகாவலர் எண்ணைக் கேட்டால் சித்தப்பாவின் எண்ணைக் கொடுங்கள், அவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள். கலந்தாய்வுக்கு அழைத்து வரும் குறுஞ்செய்தியை அவர் படித்துச் சொல்லட்டும், முதல் நாள் கல்லூரி வாசல் வரை அவரே கூட்டிக்கொண்டு போகட்டும்.